அப்பாவுக்கு பிளேட்லெட் 26,000, ராத்திரி தூக்கமே வரல டாக்டர்

ஈரோடு பக்கத்துலேந்து ஒரு வாசகி எழுதியிருக்காங்க. அவங்க அப்பாவுக்கு 76 வயசு, ரிட்டயர்டு பஸ் கண்டக்டர். பிபி, சுகர் ரெண்டும் உண்டு, நாலு வருஷம் முன்னாடி ஹார்ட்ல ஸ்டென்ட் வச்சிருக்கு, அதுல ரத்தம் கட்டாம இருக்க ஆஸ்பிரின், குளோபிடோக்ரல் மாத்திரை சாப்பிடறார். அஞ்சு மாசத்துக்கு முன்னாடி கால் முழுக்க பொடிப் பொடியா செவப்புப் புள்ளி, டெஸ்ட் பண்ணா பிளேட்லெட், அதாவது ரத்தம் உறைய உதவற தட்டணு, 14,000. உடம்பே தன் பிளேட்லெட்டை அழிக்கற ஐடிபின்னு சொல்லி பிரெட்னிசலோன்ங்கற ஸ்டீராய்டு 60 மில்லிகிராம் ஆரம்பிச்சாங்க, 82,000 வரைக்கும் ஏறிச்சு, டோஸை 10க்கு எறக்கினதும் மறுபடி 26,000. திரும்ப 40க்கு ஏத்தியிருக்காங்க, இப்போ சுகர் 340. அவங்க கேக்கறது: "எவ்வளவு இருந்தா பயம் இல்ல? ஆஸ்பிரின், குளோபிடோக்ரல் நிறுத்திடலாமா? மண்ணீரலை எடுத்துடச் சொல்றாங்க, எலும்பு மஜ்ஜை டெஸ்ட்டும் சொல்றாங்க, ரெண்டும் வேணுமா? பப்பாளி இலைச் சாறு குடுக்கறோம், சரியா?"

வணக்கம்மா. உங்க லெட்டரை ரெண்டு தடவ படிச்சேன். அஞ்சு மாசத்து பிளேட்லெட் நம்பரையும் தேதி போட்டு வரிசையா எழுதியிருக்கீங்க, அதெல்லாம் முடிஞ்சு கடைசில போற போக்குல ஒரு வரி, "இந்த மாசம் ரெண்டு தடவ ராத்திரி பாத்ரூம் போறப்ப தடுமாறி சுவத்தைப் புடிச்சுக்கிட்டார்"னு. எனக்கு 26,000ஐ விட அந்த வரியைப் படிச்சப்பதான் பக்குன்னு ஆச்சு. ஏன்னு வரேன்.

நம்ம ஊர்ல பிளேட்லெட்ங்கற வார்த்தையே டெங்கு வந்தப்புறம்தான் எல்லார் வாய்லயும் வந்துச்சு, அதனால நம்பர் எறங்கினாலே டெங்கு பயம் வந்துடுது. டெங்குல நாலஞ்சு நாள்ல சரசரன்னு எறங்கும், அங்க பெரிய ஆபத்து ரத்தக் குழாய்லேந்து நீர் கசிஞ்சு பிபி விழறது, அது தாண்டிட்டா பிளேட்லெட் தானா ஏறிடும். ஐடிபி கதையே வேற. உடம்போட எதிர்ப்பு சக்தி தன் பிளேட்லெட்டையே யாரோ வெளியாள்னு நெனச்சு அது மேல ஆன்டிபாடிங்கற எதிர்ப்புப் புரதத்தை ஒட்டி விட்டுடுது, அப்படி ஒட்டினதை மண்ணீரல் புடிச்சு முழுங்கிடுது. ஒரு வாரம் பத்து நாள் ஓட வேண்டியது ரொம்ப சீக்கிரமே காலி ஆயிடுது, பிளேட்லெட்டைத் தயாரிக்கற எலும்பு மஜ்ஜையும் அந்த வேகத்துக்கு ஈடு குடுக்க முடியாம திணறுது. இது ரத்தத்துல இருக்கற ஏதோ ஒண்ணாலதான்னு எப்படி கண்டுபுடிச்சாங்க தெரியுமா, அமெரிக்காவுல செயின்ட் லூயிஸ்ல ஹாரிங்டன்னு ஒரு இளம் டாக்டர், ஐடிபி பேஷன்ட்டோட ரத்தத்தைத் தனக்கே ஏத்திக்கிட்டார். சில மணி நேரத்துல அவரோட பிளேட்லெட் பாதாளத்துக்குப் போயிடுச்சு, சில நாள்ல திரும்ப வந்துடுச்சு, 1951ல அதை எழுதி வெளியிட்டார். இன்னிக்கு எந்த எத்திக்ஸ் கமிட்டியும் இதுக்கு தலையாட்டாது.

சரி, உங்க முதல் கேள்வி. எவ்வளவு இருந்தா பயம் இல்ல. நார்மல் ஒன்றரை லட்சத்துலேந்து நாலரை லட்சம், ஆனா ஐடிபில நாங்க அந்த ஒன்றரை லட்சத்தைத் துரத்தறதே இல்ல. ரத்தக் கசிவு ஏதும் இல்லாம 30,000க்கு மேல இருக்கற பெரியவங்களுக்கு பல சமயம் மருந்தே குடுக்காம பாத்துக்கிட்டு இருப்போம். கேன்சருக்கு கீமோ எடுத்து மஜ்ஜை சோந்து போன ஒருத்தருக்கு 20,000 இருக்கறதும் ஐடிபில 20,000 இருக்கறதும் ஒண்ணு இல்ல, ஐடிபில மஜ்ஜை அவசர அவசரமா புதுசா, பெருசா பிளேட்லெட்டை அனுப்பிக்கிட்டே இருக்கு, எண்ணிக்கை கம்மின்னாலும் அதுங்க வேலையை நல்லா செய்யுது. அதான் 15,000 வச்சுக்கிட்டு ஒரு இருபத்தஞ்சு வயசுப் பொண்ணு ஸ்கூட்டி ஓட்டி என் ஓபிக்கு வருவா, கால்ல நாலு புள்ளியைத் தவிர ஒண்ணும் இருக்காது.

ஆனா அறுபது தாண்டினவங்களுக்கு இந்த தைரியத்தை அப்படியே குடுக்க முடியாது. அதே 20,000ல வயசானவங்களுக்கு ரத்தக் கசிவு அதிகம், முக்கியமா நாங்க எல்லாரும் பயப்படற மூளைக்குள்ள கசியற கசிவு. வயசான ரத்தக் குழாய், அதுக்குள்ள 170 பிபி, கூடவே பிளேட்லெட்டோட வேலையைக் கெடுக்கற மாத்திரை, சரியா வேலை செய்யாத கிட்னி, அப்புறம் கீழ விழறது. அப்பாவுக்கு இருக்கற 26,000ல ஆஸ்பிரினும் குளோபிடோக்ரலும் சேர்ந்து பாதி ஆளுங்க கையைக் கட்டிப் போட்டுடுது, அந்தக் கணக்கு லேப் ரிப்போர்ட்ல வராது.

இப்போ அந்த பாத்ரூம் விஷயத்துக்கு வரேன். ஸ்டீராய்டு 60, அப்புறம் எறங்கி, இப்போ மறுபடி 40, மொத்தம் அஞ்சு மாசம். ஸ்டீராய்டு தொடைத் தசையைத் தின்னும். அப்பாவைக் கையில்லாத ஒரு நாற்காலில உக்கார வச்சு, கையை ஊன்றாம எழுந்திரிக்கச் சொல்லிப் பாருங்க, அனேகமா முடியாது. சுகர் 340ன்னா ராத்திரி நாலு தடவ யூரின் போக எழுந்துக்கணும். தூக்கமும் சரியா வராது, அதுவும் ஸ்டீராய்டு வேலைதான், ஒருவேளை யாராவது தூக்க மாத்திரை வேற எழுதிக் குடுத்திருப்பாங்க. பலம் இல்லாத தொடை, அரைத் தூக்கம், இருட்டு, ஈரத் தரை, நாலு தடவ. பிளேட்லெட்டை ஏத்தறதுக்காக நாம குடுக்கற மருந்தே அவரைக் கீழ தள்ளற மருந்தாவும் இருக்கு. வயசானவங்களுக்கு மூளை கொஞ்சம் சுருங்கியிருக்கறதால மண்டையோட்டுக்கும் மூளைக்கும் நடுவுல ஓடற மெல்லிசு ரத்தக் குழாய்ங்க இழுபட்டு நிக்கும், லேசா கதவுல இடிச்சாலே கசிய ஆரம்பிக்கலாம், அதுவும் அன்னிக்கே தெரியாது, பத்து நாள் ரெண்டு வாரம் கழிச்சு "அப்பா ஒரு மாதிரி மந்தமா இருக்கார், காலை இழுத்து நடக்கறார்"னு கூட்டிட்டு வருவாங்க.

அதனால இன்னிக்கே பண்ண வேண்டியது லேப்ல இல்ல, வீட்டுல இருக்கு. பெட்டுலேந்து பாத்ரூம் வரைக்கும் ராத்திரி முழுக்க ஒரு சின்ன லைட். டாய்லெட் பக்கத்துல சுவத்துல கைப்பிடி, ஹார்டுவேர் கடைல கெடைக்கும், பிளம்பர் அரை மணி நேரத்துல மாட்டிடுவார். இந்தியன் டாய்லெட்டா இருந்தா மேல வைக்கற நாற்காலி. கட்டிலுக்குப் பக்கத்துலயே யூரின் கேன் வச்சா இன்னும் நல்லது, அப்பா மூஞ்சியைச் சுளிப்பார், பரவால்ல. வழுக்கற மிதியடியைத் தூக்கிப் போடுங்க. பிபி வீட்டுலயே ஒரு மெஷின் வச்சு காலைல சாயந்தரம் எழுதி வைங்க, ஏன்னா ஸ்டீராய்டு பிபியையும் ஏத்தும், மூளை ரத்தக் கசிவைப் பொறுத்தவரை பிபியை ஒழுங்கா வச்சுக்கறது பிளேட்லெட்டை பத்தாயிரம் ஏத்தறதுக்கு கொஞ்சமும் கொறஞ்சது இல்லன்னு நான் நெனைக்கறேன். சுகருக்கு இப்போதைக்கு இன்சுலின் தேவைப்படலாம், "இன்சுலின் ஆரம்பிச்சா வாழ்நாள் முழுக்க"ன்னு பயந்து தள்ளிப் போடாதீங்க, ஸ்டீராய்டு எறங்கினா அதுவும் எறங்கும்.

ஆஸ்பிரின், குளோபிடோக்ரல். நீங்களா நிறுத்தாதீங்க, முதல்ல அதைச் சொல்லிடறேன். ஐடிபி இருந்தா ரத்தம் உறையவே உறையாதுன்னு ஒரு நெனப்பு இருக்கு, அது தப்பு, பிளேட்லெட் கம்மியா இருக்கறப்பவே ஹார்ட் அட்டாக் வந்தவங்களை நான் பாத்திருக்கேன். ஆனா உங்க லெட்டர்ல எனக்கு உறுத்தறது வேற. ஸ்டென்ட் வச்சு நாலு வருஷம் ஆச்சு, இன்னும் ஏன் ரெண்டு மாத்திரை? சாதாரணமா ரெண்டும் சேர்த்து ஆறு மாசம், ஒரு வருஷம், அப்புறம் ஒண்ணை நிறுத்திட்டு ஒண்ணோட தொடர்வாங்க. பல வீட்டுல நடக்கறது என்னன்னா, டிஸ்சார்ஜ் அன்னிக்கு எழுதின சீட்டையே வருஷக் கணக்கா மெடிக்கல் ஷாப்ல காட்டி வாங்கிட்டு இருப்பாங்க, ஹார்ட் டாக்டர் கண்ணுல அது படறதே இல்ல. அவருக்கு ரெண்டும் வேணும்னு தனி காரணம் இருக்கலாம், அதனாலதான் கேக்கச் சொல்றேன், இந்த வாரமே கேளுங்க. நாங்க பொதுவா போற கணக்கு இது: 50,000க்கு மேல இருந்தா பெருசா தயங்கறது இல்ல, 30,000க்கும் 50,000க்கும் நடுவுல ஒரே ஒரு மாத்திரை, அதுக்குக் கீழ போனா ரத்த டாக்டரும் ஹார்ட் டாக்டரும் போன்ல பேசி அந்த ஆளுக்குன்னு ஒரு முடிவு. ரெண்டு பேரையும் பேச வைக்கறது உங்க வேலை, அவங்களா பேசிக்குவாங்கன்னு காத்திருக்காதீங்க.

அதோட கால் வலி, முதுகு வலின்னு கடைல வாங்கற மாத்திரை. டைக்ளோஃபெனாக், அசெக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் எதுவும் கூடாது, பாராசிட்டமால் போதும். "பாராசிட்டமால்தான் சார்"னு கடைக்காரர் குடுக்கறதுல பல நேரம் அசெக்ளோஃபெனாக்கும் கலந்து இருக்கும், அட்டையைத் திருப்பி பொடி எழுத்தைப் படிங்க. இடுப்புல ஊசி போட்டுக்கறதும் வேண்டாம், உள்ள ரத்தம் கட்டிக்கும். ஆஸ்பிரினும் ஸ்டீராய்டும் சேர்ந்து ஓடறதால வயித்துப் புண்ணுக்கு பாதுகாப்பா ஒரு மாத்திரை இருக்கான்னு பாருங்க, இல்லன்னா கேட்டு வாங்குங்க.

ஸ்டீராய்டையே தொடரலாமா? என் பதில், இந்த வழியில இல்ல. ஐடிபிக்கு ஸ்டீராய்டு முதல் மருந்து, அதுல சந்தேகம் இல்ல, ஆனா அது குறுகிய காலத்துக்கு. 2019ல வந்த அமெரிக்க ஹீமட்டாலஜி சொசைட்டி வழிகாட்டுதல், எறக்கற காலத்தையும் சேர்த்து ஆறு வாரத்துக்குள்ள முடிக்கச் சொல்லுது. அப்பாவுக்கு அஞ்சு மாசம் ஓடிடுச்சு, எறக்கினதும் பிளேட்லெட்டும் எறங்குது, அப்படின்னா மருந்து தன் பதிலைச் சொல்லிடுச்சு. அதுக்காக நாளைக்கே டப்புன்னு நிறுத்திடாதீங்க, இத்தனை நாள் வெளிலேந்து குடுத்ததால உடம்பு தானா சுரக்க மறந்திருக்கும், திடீர்னு நிறுத்தினா மயக்கம் போட்டு விழுவார். அடுத்த மருந்தை ஆரம்பிச்சு, அது புடிச்சதும் இதை மெதுவா எறக்கணும். நடுவுல ஒரு சின்ன விஷயம், ரிட்டயர் ஆனப்புறம் அப்பா தோட்டம், வயல்னு வெறுங்கால்ல மண்ணுல நடக்கறவரா? ஸ்ட்ராங்கிலாய்ட்ஸ்னு ஒரு குடல் புழு மண்லேந்து தோல் வழியா ஏறி வருஷக் கணக்கா சத்தமில்லாம இருக்கும், ஸ்டீராய்டு குடுத்தா உடம்பு பூரா பரவிடும். அதுக்கு டெஸ்ட்டோ மாத்திரையோ குடுத்தாங்களான்னு கேளுங்க, ஹெபடைடிஸ் பி டெஸ்ட்டையும் சேர்த்து.

அடுத்த மருந்துன்னா எது? அப்பா வயசுக்கு நான் முதல்ல யோசிக்கறது மஜ்ஜையைத் தட்டி எழுப்பி பிளேட்லெட்டை அதிகமா பண்ண வைக்கற மருந்துங்க. எல்ட்ரோம்போபாக் மாத்திரை, ரோமிப்லோஸ்டிம் வாரம் ஒரு ஊசி, ரெண்டுமே 2008ல அமெரிக்காவுல அனுமதி வாங்கினது, இப்போ நம்ம ஊர்லயும் கெடைக்குது. பெரும்பாலானவங்களுக்கு ஒண்ணு ரெண்டு வாரத்துலயே ஏற ஆரம்பிக்கும். எதிர்ப்பு சக்தியை அமுக்கறது இல்லங்கறதால தொற்று பயம் கம்மி. ஆனா ஸ்டென்ட் வச்சவருக்கு ஒரு எச்சரிக்கை இருக்கு, இந்த மருந்துங்க ரத்தம் கட்டற வாய்ப்பைக் கொஞ்சம் கூட்டும், அதனால இலக்கு 50,000 பக்கம்தான், ரெண்டு லட்சம் வந்துடுச்சுன்னு சந்தோஷப்படக் கூடாது, டோஸைக் கொறைக்கணும். அதே மாதிரி வீட்டுல நீங்களா பட்டுன்னு நிறுத்தினா முன்ன இருந்ததை விடக் கீழ விழும்.

எல்ட்ரோம்போபாக் எழுதிக் குடுத்தா ஒண்ணு ஞாபகம் வச்சுக்கோங்க, பாலும் தயிரும் அதுக்கு எதிரி. கால்சியம் வயித்துலயே அதைப் புடிச்சு வச்சுக்கும், உள்ள ஏறாது. பால் பொருள், கால்சியம் மாத்திரை, இரும்பு மாத்திரை, ஜெலுசில் மாதிரி ஐட்டம் எதுவா இருந்தாலும் மாத்திரைக்கு அப்புறம் ரெண்டு மணி நேரம், முன்னாடி நாலு மணி நேரம் இடைவெளி வேணும். காலைல காபி, மத்தியானம் மோர், ராத்திரி தயிர்சாதம்னு ஓடற நம்ம வீட்டுல இந்த இடைவெளி எங்க இருக்கு? நான் பேஷன்ட்டுங்களுக்கு சொல்றது, காலைல அஞ்சு மணிக்கு எழுந்ததும் வெறும் தண்ணில மாத்திரை, ஏழு மணிக்கு காபி. எப்படியும் அந்த வயசுல நாலரைக்கே முழிப்பு வந்துடும். "மாத்திரை கேக்கல டாக்டர்"னு வந்த ஒருத்தர், காபியோடயே அதை முழுங்கிட்டு இருந்தார், மூணு மாசம், அத்தனை காசும் வீண். கொலஸ்ட்ராலுக்கு ரோசுவாஸ்டாட்டின் சாப்பிடறாரான்னும் சொல்லிடுங்க, இதோட சேர்ந்தா அதோட அளவு ரத்தத்துல ஏறும், டோஸ் கொறைக்க வேண்டி வரும். லிவர் டெஸ்ட் அப்பப்போ பாக்கணும்.

காசு பெரிய விஷயம், மறைக்க ஒண்ணும் இல்ல. இந்தியக் கம்பெனி மாத்திரைகள் வந்ததால முன்ன இருந்த வெலை இல்லன்னாலும் மாசா மாசம் தாங்கணும். முடியலன்னா டாப்சோன்னு ஒரு பழைய சீப்பான மாத்திரை, தொழுநோய்க்குக் குடுக்கறது, நம்ம நாட்டுல ஐடிபிக்கும் குடுத்துப் பாக்கறோம், சிலருக்கு நல்லாவே கேக்குது, ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஜி6பிடிங்கற என்சைம் கம்மியா இருக்கான்னு பாக்கற டெஸ்ட் அவசியம், ஹீமோகுளோபின் எறங்கறதையும் பாத்துக்கணும், ஹார்ட் பேஷன்ட் இல்லையா. ரிட்டுக்ஸிமாப், ஆன்டிபாடி உண்டாக்கற அணுவைக் கொறைக்கற ஊசி, இன்னொரு வழி, தொற்று பயம் கொஞ்சம் கூட. ஐவிஐஜி, அதாவது தானமா வந்த ரத்தத்துலேந்து எடுத்த ஆன்டிபாடியை நரம்புல ஏத்தறது, லட்சக் கணக்குல போகும், ஏத்தின பிளேட்லெட் சில வாரத்துல எறங்கிடும், கிட்னிக்கும் ஹார்ட்டுக்கும் சுமை, அதை அவசரத்துக்குன்னு வச்சிருக்கோம். முதல்வர் காப்பீட்டுத் திட்டத்துல எதெல்லாம் வரும்னு ஆஸ்பத்திரி கவுன்டர்ல கேட்டுப் பாருங்க.

மண்ணீரல் ஆபரேஷன் வேண்டாம்னுதான் சொல்வேன். நூறு வருஷத்துக்கு மேல பழைய வைத்தியம், சின்ன வயசுக்காரங்களுக்கு இன்னிக்கும் நல்ல வைத்தியம், ஆனா வயசு ஏற ஏற பலன் கொறையுது, ஆபரேஷன் ஆபத்தும் தொற்றும் ரத்தக் கட்டும் கூடுது. 76 வயசு, ஸ்டென்ட், சுகர் 340, மத்த மருந்து ஒண்ணைக் கூட இன்னும் முயற்சி பண்ணல. இந்த நெலைமைல அறுக்க என்ன அவசரம்?

பப்பாளி இலை. கோவிச்சுக்காதீங்க, இதை எழுதாத குடும்பமே இல்ல. டெங்குல சில சின்ன ஆய்வு இருக்கு, அங்கயும் பிளேட்லெட் எப்படியும் ஏறத்தான் போகுது. ஐடிபில நம்பற மாதிரி ஆதாரம் எதுவும் கெடையாது. கசப்புச் சாறு குடிச்சு வாந்தி எடுத்தா, அந்த அழுத்தமே அவருக்கு நல்லது இல்ல. நிறுத்திடுங்க. "பிளேட்லெட் ஏத்திடலாமே"ன்னு சொந்தக்காரங்க கேப்பாங்க, வெளிலேந்து ஏத்தற பிளேட்லெட்டையும் அந்த ஆன்டிபாடி விடாது, ஒரு ராத்திரி கூட தாங்காது பல நேரம். உயிர் போற கசிவுன்னா மட்டும் மத்த மருந்தோட சேர்த்து ஏத்துவோம்.

எலும்பு மஜ்ஜை டெஸ்ட். எல்லா ஐடிபிக்கும் தேவை இல்ல, ஆனா அப்பாவுக்கு நான் பண்ணச் சொல்லுவேன். இந்த வயசுல ஐடிபி மாதிரியே வேஷம் போட்டு வர்றது மஜ்ஜைலயே உற்பத்தி கெட்டுப் போற எம்டிஎஸ்னு ஒரு நோய், முதல் மருந்துக்கு அப்புறம் மறுபடி எறங்கறப்ப அதைப் பாத்துடறது நல்லது. ஹீமோகுளோபினோ வெள்ளை அணுவோ சேர்ந்து கொறைஞ்சிருந்தா கட்டாயம். பிளேட்லெட் கம்மியா இருந்தாலும் பண்ணலாம், இடுப்பு எலும்பு மேல, நல்லா அழுத்திப் புடிச்சா நின்னுடும், மரத்துப் போக ஊசி போட்டுத்தான் பண்ணுவாங்க. அதுக்கு முன்னாடி ஸ்மியர், அதாவது ரத்தத்தைக் கண்ணாடில தேச்சு மைக்ராஸ்கோப்ல பாக்கறது, பாத்தாங்களா, பி12, லிவர், ஹெபடைடிஸ் சி, எச்ஐவி, வயித்து ஸ்கேன் ஆச்சான்னு பழைய ஃபைல்ல தேடுங்க. சிலருக்கு லேப் டியூப்ல ரத்தம் உறையாம இருக்கப் போடற இடிடிஏங்கற ரசாயனத்தால பிளேட்லெட் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு மெஷின் கம்மியா எண்ணும், அப்பாவுக்கு கால்ல புள்ளி வந்ததால அது மட்டும் காரணமா இருக்காது, ஆனா ஸ்மியர்ல ஒரு கண் பாத்தாலே தீந்துடற சந்தேகம்.

ரெண்டு நாளைக்கு ஒருக்கா ரத்தம் எடுக்கறதையும் நிறுத்துங்க. அவ்வளவு கீழ இருக்கறப்ப மெஷினுக்கே 22,000க்கும் 28,000க்கும் வித்தியாசம் சரியா தெரியாது, நீங்க அதுக்கு ஒரு நாள் சிரிச்சு ஒரு நாள் அழறீங்க. மருந்து மாத்தற சமயத்துல வாரம் ஒரு தடவ, செட்டில் ஆனப்புறம் மாசம் ஒரு தடவ. மத்த நாள்ல அவரைப் பாருங்க. முன்னங்கைல ஊதா கலர்ல படர்ந்து இருந்தா பெரும்பாலும் அது வயசான தோல், ஸ்டீராய்டால இன்னும் மெலிஞ்சு போன தோல், பதற வேண்டாம். டார்ச் அடிச்சு வாய்க்குள்ள பாருங்க, கன்னத்து உள்பக்கமோ நாக்குலயோ கருஞ்செவப்பு கொப்புளம் இருந்தா அன்னிக்கே டாக்டர்கிட்ட காட்டணும், அது உள்ளயும் கசியலாம்ங்கறதுக்கு அறிகுறி. தார் மாதிரி கருப்பா மலம், யூரின்ல ரத்தம், மூக்கை முன்னாடி குனிஞ்சு பத்து நிமிஷம் அழுத்திப் புடிச்சும் நிக்காத ரத்தம், புதுசா வர்ற பலமான தலைவலி, வாந்தி, பேச்சுக் குழறல், வழக்கத்துக்கு மாறான தூக்கம், இதுல எது வந்தாலும் 108. தலைல அடி பட்டுட்டா, அவர் "ஒண்ணும் இல்லம்மா"ன்னு சொன்னாலும், ரத்தம் வரலன்னாலும், சிடி ஸ்கேன் இருக்கற ஆஸ்பத்திரிக்கு நேரா போங்க. போனதும் "ஐடிபி, பிளேட்லெட் இவ்வளவு, ஆஸ்பிரின் சாப்பிடறார்"னு கேஷுவாலிட்டில முதல் வார்த்தையா சொல்லுங்க. இதை ஒரு சீட்டுல எழுதி அவர் சட்டைப் பைலயும் வைங்க.

டிவிஎஸ் 50ல டீக்கடைக்குப் போறதை நிறுத்தணுமான்னு கேட்டிருந்தீங்க, அப்பா அதுக்காக ரெண்டு நாள் பேசலன்னும். இப்போதைக்கு வண்டி வேண்டாம், 50,000 தாண்டி, தொடைல பலம் வந்து, கையை ஊன்றாம நாற்காலிலேந்து எழுந்திரிக்கட்டும், அப்போ ஹெல்மெட்டோட யோசிக்கலாம். டீக்கடையை நிறுத்த வேண்டாம். யாராவது கூட நடந்து போங்க, முப்பது வருஷம் ஓடற பஸ்ல நின்ன மனுஷனை கட்டில்ல படுக்க வச்சா இருக்கற தசையும் போயிடும்.